ஃபுட்பாலை வைத்து வரலாறு நடத்தலாமா? கூடலூர் டீச்சருக்கு ஒரு பதில்

கேள்வி: கூடலூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். மெஸ்ஸி எந்த வருஷம் எந்த கிளப்பில் ஆடினார் என்பது பசங்களுக்கு அத்துப்படி. வங்கப் பிரிவினை எந்த வருஷம் என்று கேட்டால் சுவரைப் பார்க்கிறார்கள். ஃபுட்பாலை வைத்தே வரலாறும் சமூகப் பிரச்சினைகளும் நடத்த முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

முடியும் டீச்சர். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இதே பாடத்தைப் பல வருஷம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் பத்து நிமிஷம் மெஸ்ஸி கதை சொல்லிவிட்டு, "சரி, இப்போ புத்தகத்தைத் திற" என்றால் இரண்டாவது நாளே பசங்க கண்டுபிடித்துவிடுவார்கள். ஃபுட்பாலையே பாடமாக எடுங்கள். அதற்கு எனக்கு உதவியது ஒரே ஒரு கேள்விதான்: இந்த கிரவுண்டில் ஆடுவது யார், கோட்டுக்கு வெளியே நிற்பது யார், ஏன்? எந்த நாட்டு மேட்சை எடுத்தாலும், எந்த வருஷத்தை எடுத்தாலும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். நிலம், சாதி, பெண், கூலி, பிரிவினை எல்லாம் தானாக வந்து நிற்கும்.

முதல் வகுப்பை உலகக் கோப்பையில் தொடங்காதீர்கள், உங்கள் பள்ளி கிரவுண்டில் தொடங்குங்கள். நம் மலையில் சமதளம்தான் பெரிய சொத்து. கீழ்நாட்டுக்காரர்களுக்கு இது புரியாது. ஒரு ஃபுட்பால் கிரவுண்ட் அளவுக்குத் தட்டையான இடம் நீலகிரியில் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் யாரோ அதிகாரம் உள்ளவர் ஒருவர் ஒரு காலத்தில் முடிவெடுத்திருக்கிறார். ஊட்டி ரேஸ் கோர்ஸையே பாருங்கள். சல்லிவன் 1820-களில் வெட்டிய ஏரி சுருங்கச் சுருங்கக் கிடைத்த சமநிலத்தில்தான் பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் வந்தன. ஊரின் நட்டநடுவில் ஐம்பது ஏக்கருக்கு மேல், குதிரை ஓட! குத்தகை பாக்கிக்காக அரசு அதை எடுத்துக்கொண்டது 2024-ல்தான். வெலிங்டனில் உள்ள சமநிலம் ராணுவத்துடையது. தோட்டப் பகுதிகளில் கிரவுண்ட் எஸ்டேட்டுக்குச் சொந்தம், மேனேஜர் சரி என்றால்தான் டோர்னமென்ட்.

பசங்களை ஐந்தைந்து பேராகப் பிரித்து, அவரவர் ஊரில் பந்து ஆடும் இடங்களையெல்லாம் ஒரு சார்ட்டில் வரையச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இது யாருடைய இடம்?" என்று எழுதட்டும். கூடலூரில் இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் உங்களையே அசத்தும். கோயில் நிலம், பள்ளிவாசல் நிலம், டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்), எஸ்டேட், வனத்துறை, அப்புறம் நிச்சயம் ஒரு பிள்ளை "செக்‌ஷன் 17" என்று எழுதும். வீட்டில் கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்காததற்கு அப்பா சொல்லும் காரணமாக அது அந்தச் சொல்லைக் கேட்டிருக்கும். அங்கிருந்து கேரளத்து நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலம் (பரம்பரை உரிமை நிலம்), வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் அதைக் குத்தகைக்கு எடுத்தது, 1969-ன் கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் (அதன் 17-ம் பிரிவுதான் அந்தப் பிள்ளை எழுதியது) என்று ஒரு வாரம் ஓட்டலாம். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஃபுட்பால் பார்க்க இவர்கள் இறங்கிப் போவதும் அதே நிலம்பூருக்குத்தானே. அந்த ஊர் ராஜா குடும்பம்தான் ஒரு காலத்தில் நம் நிலத்துக்கும் ஜன்மி என்றால் பின் பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அவர்கள் சொல்லும் பதிலுக்கு நேரம் கொடுங்கள். ஜன்மிக்கும் முன்னால் அங்கே இருந்தது யார் என்ற கேள்வி அவர்களிடமிருந்துதான் வரும், வரவும் வேண்டும்.

அடுத்து வங்கப் பிரிவினை. இதற்கு 1911 ஜூலை 29-ஐ விட்டால் வேறு நல்ல நாள் இல்லை. கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஃபைனல். மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று தோற்கடித்தது. சுதீர் சாட்டர்ஜி ஒருவர் மட்டும் பூட்ஸ், மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். ஷிப்தாஸ் பாதுரி ஒரு கோல், அபிலாஷ் கோஷ் ஒரு கோல். கர்சன் வங்காளத்தைப் பிரித்தது 1905-ல், ஆறு வருஷம் முன்னால். சுதேசி இயக்கம், அந்நியத் துணி எரிப்பு, அடக்குமுறை எல்லாம் நடந்து முடிந்து மக்கள் கொதித்துப்போயிருந்த நேரம். அந்தக் கூட்டம் மைதானத்தில் கத்தியது வெறும் கோலுக்காக இல்லை என்பதைப் பசங்க சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அதே 1911 டிசம்பர் 12 டெல்லி தர்பாரில் பிரிவினை ரத்து, தலைநகர் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றம் என்று அறிவிப்பு வந்தது. உடனே ஒரு பையன் எழுந்து, "மேட்ச்ல தோத்து பயந்து ஓடிட்டாங்களா மிஸ்?" என்பான். ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். கைதட்டல் கிடைக்கும், வரலாறு போய்விடும். ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது வேறு, ஒன்றால் ஒன்று நடந்தது வேறு. பிரிவினைக்கு எதிரான வருஷக்கணக்கான கிளர்ச்சி, கல்கத்தா அரசியலிலிருந்து ஆட்சியை விலக்கி வைக்கும் யோசனை, முகலாயர் தலைநகரில் உட்கார்ந்தால் கிடைக்கும் மதிப்பு என்று எத்தனையோ காரணங்கள். மேட்சின் பங்கு என்ன, பங்கு உண்டா என்று இரண்டு அணியாக வாதாட விடுங்கள். பரீட்சையில் "காரணங்களைக் கூறுக" கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

இதோடு ஒட்டி டூரண்ட் கோப்பையையும் சொல்லிவிடலாம், மலைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நம் ஊட்டி சென்னை மாகாணத்துக்குக் கோடைத் தலைநகர் என்றால், சிம்லா இந்தியா முழுவதுக்கும். அங்கே 1888-ல் பிரிட்டிஷ் படைகளுக்காக மார்ட்டிமர் டூரண்ட் தொடங்கிய போட்டி அது. அவர் இந்திய அரசின் வெளியுறவுச் செயலர். ஐந்து வருஷம் கழித்து, 1893-ல், ஆப்கானிஸ்தான் எல்லையாக ஒரு கோடு முடிவானதே, டூரண்ட் கோடு, அதுவும் இவர் பெயரில்தான். பஷ்தூன் மக்களை இரண்டாகப் பிரித்த கோடு. அந்தக் கோப்பையை முதன்முதலில் ஓர் இந்திய அணி வென்றது 1940-ல், முகமடன் ஸ்போர்ட்டிங். இந்தியர்களுக்கு நுழைவு கிடைத்து, ஜெயிக்கும் வரை எத்தனை வருஷம் ஆனது என்று போர்டில் கழித்துக் காட்டுங்கள்.

இனி பந்து. நான் மிகவும் நம்புகிற பாடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கிழிந்துபோன பழைய கையால் தைத்த பந்து ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோய்த் தையலைப் பிரிக்கச் சொல்லுங்கள். இருபது அறுகோணம், பன்னிரண்டு ஐங்கோணம், மொத்தம் முப்பத்திரண்டு துண்டு. கணக்கு சாரும் சந்தோஷப்படுவார். துண்டுகளை மேஜைமேல் பரப்பிவிட்டு, "இதைத் தைத்தது யார்?" என்று கேளுங்கள்.

முதலில் 1891-க்குப் போங்கள். ஸ்ரீநகரில் மிஷன் பள்ளி நடத்திய டிண்டேல் பிஸ்கோ என்ற பாதிரியார் ஒரு ஃபுட்பாலைக் கொண்டுவந்தார். மாணவர்கள் பெரும்பாலும் பண்டிதர், அதாவது காஷ்மீர் பிராமணர், வீட்டுப் பிள்ளைகள். "இது எதனால் செய்தது?" என்று கேட்டார்கள். தோல் என்றதும், தீட்டு, தொட மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆசிரியர்களைக் கம்போடு கோட்டோரம் நிறுத்தி ஆட வைத்தார் அவர். நடுவில் பந்து ஒரு பையன் முகத்தில் பட்டுவிட, ஆட்டம் நின்று ஒரே அழுகை. தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லி மறுபடி ஆட்டத்தைத் தொடங்கினார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பசங்க முதலில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிறகு மெதுவாகக் கேளுங்கள்: பந்தைத் தொட்டால் தீட்டு என்றால், அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்தவரை அதே ஊர் எப்படி நடத்தியிருக்கும்? இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். கம்பை வைத்து ஆட வைத்த பாதிரியார் செய்தது சீர்திருத்தமா, அதிகாரமா? எனக்கு இரண்டும் என்றுதான் படுகிறது. ஆனால் உங்கள் வகுப்பு வேறு முடிவுக்கு வந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சாதி பற்றிப் பேசும்போது எந்தப் பிள்ளையும் தன் சாதியைச் சொல்ல வேண்டிய நிலைக்குப் பேச்சு போகக் கூடாது. "நம்ம ஊர்ல யார் செருப்பு தைக்கிறாங்க?" என்ற கேள்விகூட வகுப்பில் ஒரு குழந்தையின் தாத்தாவைச் சுட்டிக்காட்டிவிடும். ஸ்ரீநகரையே பேசுங்கள். ஊருக்கு வரும் பாதையை அவர்களே மனசுக்குள் போட்டுக்கொள்வார்கள்.

அடுத்து 1947. பந்து தைப்பதில் பெயர்பெற்ற ஊர் சியால்கோட். பிரிவினையில் அது பாகிஸ்தானுக்குப் போயிற்று. அங்கிருந்து அகதிகளாக வந்த விளையாட்டுப் பொருள் வியாபாரிகளும் கைவினைஞர்களும் ஜலந்தரில் அதே தொழிலைத் தொடங்கினார்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே தையல். அப்புறம் 1990-கள். சியால்கோட் கிராமங்களில் சின்னப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து பந்து தைப்பது 1996-ல் உலகப் பத்திரிகைகளில் படமாக வந்து பெரிய சர்ச்சையானது. 1997-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃப்பும் சியால்கோட் வர்த்தகச் சபையும் கையெழுத்திட்ட அட்லாண்டா ஒப்பந்தம் வந்தது. குழந்தைகளைத் தையலிலிருந்து விலக்குவதும் வேலையைக் கண்காணிக்கக்கூடிய தையல் கூடங்களுக்கு மாற்றுவதும் அதன் நோக்கம். வீட்டிலிருந்து தைத்த பெண்களுக்குக் கூடத்துக்குப் போவது அவ்வளவு எளிதாக இல்லை. நல்ல சட்டமும் ஒருவருடைய வருமானத்தைத் தொடும் என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், அவர்களுக்குப் புரியும். ஏனென்றால் பந்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவது அவர்களுக்குப் புதிதில்லை. அம்மா கொழுந்து பறிக்கிறார், குறித்த அளவுக்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. அதை அவர்களே கரும்பலகையில் எழுதிக் காட்டட்டும். உங்களுக்குத் தெரியாத கணக்கெல்லாம் வரும்.

அகதி என்றதும் உங்கள் பகுதியில் பேசாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது. ஈஸ்ட் பெங்கால் கிளப் 1920-ல் கல்கத்தாவில் தொடங்கியது. 1947-க்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வீடு நிலம் இழந்து வந்தவர்களுக்கு அந்தக் கிளப்தான் ஊர் என்று ஆனது. மோகன் பகானோடு மேட்ச் என்றால் இந்த ஊர்க்காரன், வந்த ஊர்க்காரன் என்ற பழைய வலி கேலரியில் ஏறி உட்கார்ந்துவிடும். இதைச் சொல்லிவிட்டு, "கூடலூருக்கு இப்படி வந்தவங்க யாரு?" என்று கேளுங்கள். பாதி வகுப்பு கை தூக்கும். 1948-ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அப்புறம் டேன்டீ லைன் வீடு. பாடப் புத்தகத்தில் தேட வேண்டாம், பிள்ளைகளின் பாட்டி வீட்டில் இருக்கிறார். அங்கே எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள், அங்கே பசங்க என்ன விளையாடினார்கள், இங்கே வந்தபோது "சிலோன்காரன்" என்று யார் கூப்பிட்டார்கள் என்று மூன்று கேள்வி போதும். பதிலை ஒரு பக்கத்தில் எழுதி வரட்டும். எழுதிவந்ததை எல்லார் முன்னும் படிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். சில பாட்டிகள் பேரனிடம் முதன்முறையாக அழுவார்கள்.

கொஞ்சம் வளர்ந்த வகுப்பென்றால், 1969 ஜூலையில் எல் சால்வடாரும் ஹோண்டுராஸும் போட்ட சண்டையை இதோடு சேருங்கள். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று மேட்ச்களில் கலவரம் வந்ததால் "ஃபுட்பால் போர்" என்று பெயராகிவிட்டது. உண்மையில் ஹோண்டுராஸில் குடியேறிய லட்சக்கணக்கான சால்வடார் உழவர்களை நிலச் சீர்திருத்தத்தின் பெயரால் வெளியேற்றியதுதான் அடியில் இருந்த காரணம். இலங்கைக் கதை தெரிந்த பிள்ளைக்கு இது வேற்று நாட்டுக் கதையாகவே தெரியாது.

பெண்கள் பற்றி. முதல் உலகப் போர்ப் பாடம் வரும்போது எடுங்கள். ஆண்கள் போர்முனைக்குப் போக, இங்கிலாந்தில் பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்தார்கள், இடைவேளையில் பந்து ஆடத் தொடங்கினார்கள். பிரஸ்டன் நகரத்தின் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணி 1920 டிசம்பர் 26-ல் லிவர்பூலில் ஆடியபோது வந்த கூட்டம் 53,000. அடுத்த வருஷமே, 1921 டிசம்பரில், இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் தன் உறுப்பினர் கிளப்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் இல்லையாம். கூட்டமே வரவில்லை என்றால் தடை எதற்கு? இந்தக் கேள்வியைப் பெண் பிள்ளைகள்தான் முதலில் கேட்பார்கள். தடை விலக ஐம்பது வருஷம் ஆனது.

அப்புறம் நம் பக்கம் வாருங்கள். சீனியர் பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப்பை 2018-ல் மணிப்பூரைத் தோற்கடித்து வென்றது தமிழ்நாடு, 2023-ல் மறுபடியும் வென்றது. இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். இதைக் கேட்டதும் வகுப்பில் ஒரு கலகலப்பு வரும். அந்த நேரத்தில், "நீங்க எல்லாம் எந்த கிளாஸ் வரைக்கும் கிரவுண்டுக்கு வந்தீங்க, எப்போ நிறுத்தினீங்க?" என்று ஒரு சீட்டில் பெயரில்லாமல் எழுதச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு என்று வரும். காரணங்கள்: வயசுக்கு வந்தாச்சு, சுடிதாரோட ஓட முடியல, பையங்க கிண்டல், தண்ணி தூக்கணும், தம்பியைப் பார்த்துக்கணும். உங்கள் பக்கத்தில் கட்டாயம் யானையும் வரும். நாலரை மணிக்கு மேல் எஸ்டேட் ரோட்டில் நடக்க முடியாது, கடைசி பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான். அதே ரோட்டில், அதே யானைக்கு முன்னால், பையன்கள் மட்டும் ஆறு மணி வரை ஆடுவது எப்படி என்று ஆண் பிள்ளைகளிடம் கேளுங்கள். பதில் சொல்லத் திணறட்டும், நீங்கள் உதவாதீர்கள்.

யூடியூப் பார்த்துவிட்டு வரும் பசங்களுக்கு 1950 ஒரு நல்ல மருந்து. "வெறுங்காலில் ஆடக்கூடாதுன்னு சொன்னதால இந்தியா வேர்ல்டு கப் போகல" என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. சரிபார்க்கச் சொல்லுங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் இந்தியா பிரான்ஸோடு ஆடியது, பலரும் வெறுங்கால்தான். நாகா மருத்துவர் தாலிமேரன் ஆவோ கேப்டன், சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார், இரண்டு பெனால்டி வீணாகி 2-1 என்று தோற்றோம். 1950-க்கு பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் விலகியதால் ஆடாமலேயே தகுதி கிடைத்தது. பிரேசில் பயணச் செலவில் பெரும்பகுதியைத் தருவதாகவும் சொன்னது. ஆனால் அன்றைக்கு நம் சங்கத்துக்கு ஒலிம்பிக்ஸ்தான் பெரிசு, பயிற்சிக்கு நேரம் போதாது என்றார்கள், ஆள் தேர்விலும் தகராறு. இத்தனை காரணம் இருக்க, வெறுங்கால் கதை மட்டும் ஏன் நிலைத்தது? நம்மைத் தடுத்துவிட்டார்கள் என்பது நாமே போகவில்லை என்பதைவிடச் சொல்ல வசதியாக இருக்கிறது. சான்று என்றால் என்ன என்று தனியாக ஒரு பாடம் எடுக்கத் தேவை இருக்காது.

முசோலினி 1934 உலகக் கோப்பையைத் தன் ஆட்சிக்கு விளம்பரமாக்கியதை ஃபாசிசப் பாடத்தில் ஒரு வரியாகச் சொன்னால் போதும். குடிமையியலுக்கு ராபன் தீவு. தென்னாப்பிரிக்க அரசியல் கைதிகள் வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு ஆட அனுமதி வாங்கி, மக்கானா என்ற பெயரில் சங்கம் அமைத்து, ஃபிஃபா விதிப்புத்தகத்தை வைத்தே லீக் நடத்தினார்கள். ரெஃப்ரீ தீர்ப்புமேல் புகார் என்றால் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதை விசாரிக்கக் குழு உண்டு. சிறைக்குள்! உங்கள் பள்ளி இன்டர்-கிளாஸ் போட்டிக்கும் பிள்ளைகளே விதி எழுதட்டும். ஒரு அணியில் இத்தனை பெண்கள், எல்லாருக்கும் குறைந்தது இத்தனை நிமிஷம், பூட்ஸ் இல்லாதவர் இருந்தால் எல்லாரும் வெறுங்கால் என்றெல்லாம் சண்டை போட்டு ஓட்டெடுத்து முடிவு செய்யட்டும். அரசியலமைப்பு நிர்ணய சபை பாடத்தை அதற்கு மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் இரண்டு விஷயம். பொதுத்தேர்வில் திருத்துபவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும், அதில் ஷிப்தாஸ் பாதுரி இருக்க மாட்டார். ஆகவே ஒவ்வொரு பாடத்தின் கடைசிப் பத்து நிமிஷமும் புத்தக வினாவுக்குப் புத்தக விடை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, பி.டி. பீரியடை இதற்காக வாங்காதீர்கள். பாவம், அந்த பீரியடை ஏற்கெனவே கணக்கும் சயின்ஸும் தின்கின்றன. ஜூலையில் உங்கள் பக்கம் மழை கொட்டும்போது கிரவுண்ட் எப்படியும் குளமாகத்தான் கிடக்கும். அப்போது பி.டி. சாரையும் வகுப்புக்குள் கூட்டி வந்து 1911 மேட்சை இரண்டு பேருமாக நடத்துங்கள், ஜூலை 29-க்கும் பொருத்தமாக இருக்கும். வெட்டுவதற்கான பந்தை மட்டும் முன்கூட்டியே அவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள், ஸ்டாக் ரெஜிஸ்டரில் கழித்த பந்தாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் வருஷக் கடைசியில் உங்களிடம்தான் கணக்கு கேட்பார்.